வாய்விட்டுச் சொன்ன ஜெபம்

புதுச்சேரியில் ஒருவர் தன்னைக் கிறிஸ்தவர் என்று சொல்லிக்கொண்டால், அடுத்த கேள்வி எந்தப் பங்கு, எந்த மாதா கோயில் என்பதாகத்தான் இருக்கும். நாங்கள் எந்தப் பங்கிலும் இல்லை, பிரஸ்பிடேரியன் சபை என்று சொன்னால், கேட்டவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது எந்தப் பக்கம் இருக்குது?" என்பார். அவ்வளவு சின்னச் சபை. எல்லோரும் வந்த ஞாயிற்றுக்கிழமையிலும் பெஞ்சுகள் காலியாகக் கிடக்கும். எங்களுக்கென்று தனியாகப் போதகர் கிடையாது. ஞானஸ்நானம், அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து என்றால் கடலூரிலிருந்து போதகர் பஸ் ஏறி வருவார். மற்ற நாட்களில் சபையை நடத்தியது மூப்பர்கள்தான். மூப்பர் என்றால் வயதானவர் என்று அர்த்தமில்லை, சபையார் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் பொறுப்பு அது என்று அப்பா விளக்கம் சொல்வார். ஆனாலும் எங்கள் மூப்பர்கள் எல்லோருக்கும் தலை நரைத்துத்தான் இருந்தது.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாளை லெந்து என்று அனுசரிக்கும் வழக்கம் எங்கள் சபையை ஆரம்பித்தவர்களுக்குக் கிடையாதாம். அப்பாதான் சொல்வார். ஆனால் ஊரே தபசு காலம் என்று வெள்ளிக்கிழமை கறியை விட்டுவிட்டு சிலுவைப் பாதை வழிபாட்டுக்குப் போகும்போது, நாங்கள் மட்டும் கைகட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியுமா? எங்களுக்கு நெற்றியில் சாம்பல் இல்லை, சுரூபம் இல்லை, மெழுகுவர்த்திகூட மின்சாரம் போனால்தான். அதனால் வீட்டு ஜெபம் என்று ஒன்றை வைத்துக்கொண்டோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம், வாரத்துக்கு ஒருவர் வீடு. பாய் விரித்து உட்கார்ந்து பாட்டு, வேதவாசிப்பு, கடைசியில் சுக்குக் காபி. லெந்து நாளில் பலகாரம் கூடாது என்று ஒரு தீர்மானம் இருந்தது. முறுக்கு பலகாரத்தில் சேருமா என்பதைப் பற்றி மூப்பர்கள் ஒருமுறை வெகுநேரம் பேசினார்கள்.

காபிக்கு முன்னால் வருவது சங்கிலி ஜெபம். வட்டமாக உட்கார்ந்திருப்பவர்கள் ஒருவர்பின் ஒருவராக வாய்விட்டு ஜெபிப்பார்கள். ஒருவர் ஆமென் சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் ஆரம்பிக்க வேண்டும். கூச்சமாக இருந்தால் அடுத்தவர் கையைத் தொட்டுவிட்டால் போதும், முறை அவருக்குப் போய்விடும். நான் பெரும்பாலும் தொட்டுவிடும் கட்சி. அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன், எழுபதுகளின் கடைசி. கடவுளிடம் தனியாகப் பேசவே எனக்கு வார்த்தை கிடைக்காது. இத்தனை பேர் முன்னால் எங்கே பேசுவது?

என் அம்மா அதற்கு நேரெதிர். எங்கள் சபையில் ஜெபம் என்றால் அம்மாதான். நல்ல கணீரென்ற குரல். சாதாரணமாக எங்களிடம் "சோறு ஆறுது பாரு, வந்து தின்னு" என்று பேசுகிறவர், கண்ணை மூடிவிட்டால் போதும், "தேவரீர் எங்களுக்குச் செவிசாய்த்தருளும்" என்று வேறு ஆளாகிவிடுவார். யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டுப் பெண்ணுக்கு வரன் தட்டிப்போனது, யாருக்கு வேலை நிரந்தரமாகவில்லை, எல்லாம் அதில் வரும். "நீர் அறிவீர் ஆண்டவரே" என்று ஆரம்பித்து, ஆண்டவரைத் தவிர வேறு யாரும் அறியாததையெல்லாம் சொல்லி முடிப்பார். "உங்கம்மா ஜெபம் கேட்டா தினத்தாள் வாங்க வேண்டியதில்ல" என்று அப்பா கேலி செய்வார். அம்மா கோபித்துக்கொள்வார். ஆனால் அடுத்தவர் கஷ்டத்தை அம்மா கதையாக நினைத்ததே இல்லை. யாருக்காக அழுதாலும் நிஜமாகவே அழுதார். அதை நான் சொல்லியாக வேண்டும்.

ஊருக்கு வெளியே மூலக்குளத்தில் ஒரு குடும்பம் இருந்தது. அந்த வீட்டு அம்மாள் எங்கள் சபையில் பிறந்து வளர்ந்தவர். பஞ்சாலையில் வேலை செய்த, வேறு மதத்துக்காரர் ஒருவரை விரும்பிக் கட்டிக்கொண்டு, அதனாலேயே கொஞ்ச காலம் சபையார் முகத்தைப் பார்க்காமல் இருந்தவர். என் அம்மாவை அக்கா என்பார். அதனால் எனக்கு அவர் சித்தி, அவர் கணவர் சித்தப்பா. சித்தப்பா ஒரு காலத்தில் நன்றாகக் குடிப்பார். புதுச்சேரியில் குடிக்காமல் இருப்பதுதான் பிரயத்தனம். தெருவுக்குத் தெரு கடை. மனைவியைச் சைக்கிளில் கொண்டுவந்து ஆலயத்தில் விட்டுவிட்டு, வெளியே வேப்ப மரத்தடியில் பீடி பிடித்துக்கொண்டு நிற்பார். பிறகு பீடி போனது. பிறகு கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். குடி எப்போது போனது என்று எங்களுக்குத் தெரியாது. ஒரு நாள் அவராகவே மூப்பரிடம் போய், "நானும் சேந்துக்கலாமா?" என்று கேட்டாராம்.

மூப்பர்கள் கூப்பிட்டுப் பேசினார்கள். வேதாகமத்தில் கேள்வி கேட்டார்கள். குடியைப் பற்றியும் கேட்டார்கள். ஈஸ்டருக்கு முந்தைய குருத்தோலை ஞாயிற்றில் ஞானஸ்நானம், அந்த வாரமே பெரிய வியாழனன்று முதல் திருவிருந்து என்று முடிவாயிற்று. சித்தியின் முகத்தில் அந்த லெந்து முழுக்க ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டே இருந்தது. திருவிருந்து நாளில் மூப்பர் அப்பத்தட்டைக் கொடுக்கும்போது புருஷனும் மனைவியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கிக்கொள்வது எங்கள் வழக்கம். இத்தனை வருஷமாகச் சித்தி அதைப் பக்கத்தில் உட்கார்ந்த யாராவது ஒரு அம்மாள் கையிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை மூலக்குளத்தில் அவர்கள் வீட்டில் ஜெபம். கூட்டம் முடிந்து, சமையற்கட்டில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தபோது சித்தி அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். நானும் பக்கத்தில்தான் துடைத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

"மில்லுல ஆளு கொறைக்கப் போறாங்கன்னு சொல்லிக்கினாங்களாம். போன வாரம் ஒரு நாள் குடிச்சிட்டு வந்துட்டாருக்கா. ஒரே ஒரு நாள்தான். காலையில எழுந்து கொழந்த மாதிரி அழுதாரு. இனிமே தொட மாட்டேன்னாரு. நீங்க யாருக்கும் சொல்லிடாதீங்க. ஜெபம் மட்டும் பண்ணிக்குங்க."

"இதப் போயி யாருகிட்ட சொல்லப் போறேன்? பண்றேன்டி, கண்டிப்பா பண்றேன்" என்றார் அம்மா.

அம்மா அதை யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. வாரம் முழுக்க வாயைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஊருக்குள்ளே மூப்பர் வீட்டில் ஜெபம். சித்தப்பாவுக்கு அந்த வாரம் சாயங்கால ஷிப்ட். சித்தி மட்டும் வந்து அம்மாவை ஒட்டி உட்கார்ந்திருந்தார். சங்கிலி ஜெபம் ஆரம்பித்த பிறகு வாசலில் சைக்கிள் நிற்கும் சத்தம் கேட்டது. யாரிடமோ ஷிப்ட் மாற்றிக்கொண்டு சித்தப்பா வந்துவிட்டார். எல்லோரும் கண்ணை மூடியிருந்ததால் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று, செருப்பு கழற்றிப் போட்டிருந்த இடத்திலேயே நிலைப்படியோரம் உட்கார்ந்துகொண்டார்.

அம்மாவின் முறை வந்தது. நோயாளிகள், விதவைகள், பரீட்சை எழுதும் பிள்ளைகள் எல்லோரும் வந்து போனார்கள். பிறகு அம்மாவின் குரல் தழுதழுத்தது.

"நீர் அறிவீர் ஆண்டவரே. உமது பந்திக்கு வர ஆயத்தமாயிருக்கிற எங்கள் மூலக்குளத்துச் சகோதரனைப் பிசாசானவன் மறுபடியும் குடியிலே தள்ளப் பார்க்கிறான். ஒரு நாள் இடறிவிட்ட அந்தப் பிள்ளையை நீர் தாங்கும். மறுபடியும் பாட்டிலைத் தொட்ட அந்தக் கையை நீர் பிடித்துக்கொள்ளும்."

சித்தி அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தார். சித்திக்கு நெஞ்சு உருகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு அம்மா இன்னும் சத்தமாக ஜெபித்தார். ஜெபத்தில் கண்ணைத் திறக்கக் கூடாது என்று சின்ன வயதிலிருந்து எங்களுக்குச் சொல்லி வளர்த்தவர்கள் எல்லோரும் கண்ணைத் திறந்திருந்தார்கள். முதலில் சித்தியைப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக நிலைப்படிப் பக்கம் திரும்பினார்கள். அந்த அறையில் கண்ணை மூடியிருந்தது அம்மா ஒருவர்தான்.

அம்மா ஆமென் சொன்னார். அடுத்தது சித்தியின் முறை. சித்தி வாயே திறக்கவில்லை. யார் கையையும் தொடவும் இல்லை. மூப்பர் அவசரமாக, கடைசியில் எல்லோரும் சேர்ந்து சொல்லும் பரமண்டல ஜெபத்தை ஆரம்பித்தார். அது முடிந்து நாங்கள் எழுந்தபோது நிலைப்படியில் ஆள் இல்லை.

ஜெபத்தில் சொன்னது மற்றவர்களிடம் சொன்னதாகாது என்று அம்மா மனதார நம்பினார். வெளியாட்களுக்கு இது விளங்காது. எங்கள் சபையில் அன்று இருந்த பாதிப் பேர் இதையேதான் நம்பினார்கள். தெருக்குழாயடியில் சொன்னால் புறணி, கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் அடுத்தவருக்காகச் சுமக்கும் பாரம். சித்தி கேட்டது ஜெபம், அம்மாவுக்குத் தெரிந்த ஜெபம் வாய்விட்டுச் செய்வது ஒன்றுதான். மனதுக்குள் செய்வதெல்லாம் அம்மாவுக்குப் பாதி ஜெபம். அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில், "அந்தத் தம்பி வந்தத ஒருத்தராவது எனக்குச் சொல்லக் கூடாதா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். "அவரு வரலன்னா மட்டும் சரியா?" என்று அப்பா கேட்டார்.

மூப்பர்கள் கூடிப் பேசினார்கள். ஞானஸ்நானத்தை ஈஸ்டர் பண்டிகை கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள். செய்தி கேட்டு அம்மா என்னைத் துணைக்கு இழுத்துக்கொண்டு மூப்பர் வீட்டுக்கு ஓடினார்.

"ஒரு நாள் தவறிட்டாருங்க ஐயா. அதுக்காகத் தள்ளி வைக்கலாமா?"

"நீங்க சொல்லலன்னா எங்களுக்கு எப்படிம்மா தெரியும்? நீங்கதான ஜெபத்துல சொன்னீங்க" என்றார் மூப்பர். அவர் குத்திக்காட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தால் சபை ஒழுங்கு என்னாவது என்பது அவர் கவலை. இன்றைக்கும் அவர்மேல் எனக்குக் கோபம் வருகிறது. ஒழுங்கைக் காப்பாற்றினார்கள், மனிதரை விட்டுவிட்டார்கள். திரும்பி வரும்போது தெருவிலேயே அம்மா அழுதார்.

குருத்தோலை ஞாயிற்றுக்குப் போதகர் வந்தார். அவர்கள் வரவில்லை. பெரிய வியாழனன்று சித்தி உட்காரும் பெஞ்சும் காலியாக இருந்தது. அப்பத்தட்டு எங்கள் வரிசைக்கு வந்தபோது, அம்மா அதை எடுத்துக்கொள்ளாமல் அப்படியே என்னிடம் நகர்த்திவிட்டார்.

பண்டிகைக்கு முந்தைய நாள் அம்மாவும் நானும் பஸ் பிடித்து மூலக்குளம் போனோம். சித்தப்பா எழுந்து நின்று வரவேற்றார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கலர் சோடா வாங்கிவர ஓடினார். அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அம்மா அவர் முன்னால் கைகூப்பி, "தம்பி, என்ன மன்னிச்சிடுப்பா" என்றார்.

"ஐயய்யோ, என்னாக்கா இது, கைய எடுங்க. நீங்க பொய் ஒண்ணும் சொல்லலியே. எனக்கு நல்லது நெனச்சித்தான் சொன்னீங்க." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மூப்பருங்க குடியப் பத்திக் கேட்டப்போ, விட்டுட்டேன்னு சொன்னேன். தவறினதும் நானே போயி சொல்லிடணும்னுதான் இருந்தேன். அதுக்குத்தான் அன்னிக்கு ஷிப்ட் மாத்திக்கினு வந்தேன்."

நாளைக்கு ஆலயத்துக்கு வர வேண்டும் என்று நான்தான் கேட்டேன். "வரேன்மா" என்றார். வரவில்லை. அதற்கு அடுத்த வருஷம் மூப்பர்களே போய்க் கூப்பிட்டார்கள். அவர்களுக்கும் கலர் வாங்கிக் கொடுத்து அனுப்பினார். சித்தி ஒன்றிரண்டு கிறிஸ்துமஸ் வந்துபோனார். பிறகு அதுவும் நின்றது.

அதன்பிறகு லெந்து வெள்ளிக்கிழமைகளில் அம்மா வட்டத்தில் உட்காருவார், பாடுவார். முறை வந்தால் அடுத்தவர் கையைத் தொட்டுவிடுவார். "உங்க ஜெபம் இல்லாம நல்லாவே இல்லம்மா" என்று யாராவது சொன்னால் தொண்டை சரியில்லை என்பார். முதலில் எனக்கு இது பெரிய நிம்மதியாக இருந்தது. போகப்போக அந்த மௌனத்தைத் தாங்க முடியவில்லை. வீட்டில் சாப்பாட்டுக்கு முன்னால்கூட அப்பாவே சுருக்கமாகச் சொல்லி முடித்தார். அந்தக் குரலைக் கேலி செய்து செய்து வளர்ந்தவள் நான். அது இல்லாமல் போகும் என்று நினைக்கவே இல்லை.

எண்பதுகளின் நடுவில் சித்தப்பா இறந்துபோனார். மில்லை விட்டுவிட்டு புதுச்சேரியிலேயே மேட்டுப்பாளையத்தில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்திருந்தார். வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவர்தான். செய்தி வந்ததும் அம்மாவும் நானும் போனோம். அவருடைய அண்ணன் தம்பிகள் எல்லாம் அவர்கள் முறைப்படி ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். வாசலில் மேளம் வந்து நின்றது. அவர் எங்கள் சபைக் கணக்கில் வராதவர். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் அவருக்கு இடம் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

சித்தி அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார். "அதுக்கப்புறம் ஒரு நாளும் தொடலக்கா. ஞாயித்துக்கெழம ஆனா பைபிள எடுத்து வச்சிக்கினு ஒண்டியா உக்காந்துக்குவாரு. போலாம் வான்னு கூப்டா, வேணாம், இங்கியே இருக்கேன்னுவாரு."

எங்கள் துணை இல்லாமலே அவர் குடியை விட்டிருந்தார். வேதத்தை விடவில்லை. எங்களைத்தான் விட்டிருந்தார்.

அம்மா வெகுநேரம் அவர் கால்மாட்டில் நின்றார். பிறகு சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, இத்தனை வருஷத்தில் முதல்முறையாகக் கேட்டார்: "நான் ஒரு ஜெபம் பண்ணட்டுமாடி?"

சித்தி சுற்றி உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்களைப் பார்த்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிடித்த கையை விடாமல் மெதுவாகச் சொன்னார்.

"பண்ணுங்கக்கா. மனசுக்குள்ளவே பண்ணிக்குங்க."