பதக்கம் பெற்ற லொறிச் சாரதி சுப்பையா

சென்ற செவ்வாய்க்கிழமை காலை வெள்ளவத்தையில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். முன்பு எங்கள் அச்சகத்தில் புத்தகம் கட்டும் பகுதியில் வேலை செய்த மேரி காலி வீதியைக் கடந்து ஓடிவந்தார். "அக்கா, சுப்பையா அண்ணன் போயிட்டார். தேத்தண்ணி குடிச்சிட்டுக் கதிரையில சாஞ்சவராம். அப்பிடியே போயிட்டார்" என்றார். வந்த பஸ்ஸை விட்டுவிட்டு இருவரும் கொட்டாஞ்சேனைக்குப் போனோம்.

வாசலில் நல்ல கூட்டம். அங்கே நின்றவர்களில் பெரும்பாலானோருக்கு அவர் ஓய்வுபெற்ற ஒரு லொறிச் சாரதி. உலகப் போரில் வீரப் பதக்கம் பெற்ற படைவீரர் என்பது அக்கம்பக்கத்தாருக்கே தெரியவில்லை. அச்சகத்தில் அவரோடு வேலை செய்த உங்களிலும் பலருக்குத் தெரியாதிருக்கலாம். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

எனக்கும் அது தற்செயலாகத்தான் தெரியவந்தது. நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, அச்சகத்தில் புரூஃப் திருத்தும் வேலையில் சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. ஒரு நாள் புத்தகக் கட்டுகளோடு நுகேகொடைக்குப் போன அவருடைய லொறியில் நானும் ஏறிக்கொண்டேன். வழியில் டயர் வெடித்தது. நான் அலறிவிட்டேன். அவர் ஆடாமல் அசையாமல் லொறியை ஓரங்கட்டினார்.

"இதுக்கா கத்துனீங்க தங்கச்சி? லொறி நெறைய ஷெல் இருந்தப்பகூட நான் கத்தல."

டயரை மாற்றியபடியே கதையைச் சொன்னார். துறைமுகத்தில் கரி சுமக்க இந்தியாவிலிருந்து வந்தவர் அவருடைய தந்தை. இவர் பிறந்தது கொட்டாஞ்சேனையில். இருபத்திரண்டாம் வயதில் சாரதியாகப் பிரிட்டிஷ் பட்டாளத்தில் சேர்ந்து, கப்பலேறி, கடைசியில் இத்தாலிக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே ஒரு மலையடிவாரத்தில், காயப்பட்டவர்களைக் கிடத்தியிருந்த கூடாரங்களுக்குப் பக்கத்தில் லொறிகள் நின்றபோது விமானங்கள் வந்து தாக்கின. ஷெல் ஏற்றிய முன் லொறி தீப்பற்றியது. அதன் சாரதி அடிபட்டு விழுந்துவிட்டார். மற்றவர்கள் பள்ளத்தில் பாய்ந்து படுத்தார்கள். சுப்பையா எரிகிற லொறியில் ஏறினார். கூடாரங்களைத் தாண்டி ஆற்றுப்படுகைவரை ஓட்டிப்போய், குதித்து ஓடினார். லொறி வெடித்தது. கூடாரங்களில் கிடந்த ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. அவருக்கு இடது காது கேட்காமல் போயிற்று; வீரப் பதக்கமும் கிடைத்தது.

இடப்பக்கமிருந்து கூப்பிட்டால் திரும்பாத அந்த மனிதரைத் தலைக்கனம் பிடித்தவர் என்று நாம் எத்தனை நாள் கதைத்திருப்போம்!

"பயமா இருக்கேல்லையா அண்ணை?" என்று கேட்டேன்.

"இருந்துச்சே. பக்கத்து சீட்டுலதான் ஒக்காந்திருந்துச்சு. ஸ்டியரிங்க அது கையில குடுக்கல, அவ்வளவுதான்."

போர் முடிந்து ஊர் திரும்பியவருக்கு வேறொரு சண்டை காத்திருந்தது. இந்திய வம்சாவளியினரின் பிரஜாவுரிமையைப் பறித்த சட்டம் வந்தது. அரசர் பெயரால் பதக்கம் பெற்றவர், பிறந்த ஊரிலேயே நாடற்றவர் ஆனார். விண்ணப்பம் போட்டார். தொடர்ந்து இலங்கையில் வசித்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். நடுவில் நாலு வருடம் நீ இங்கே இல்லையே என்றாராம் ஒரு எழுதுவினைஞர். சுப்பையா பதக்கச் சான்றிதழை மேசையில் விரித்துவைத்து, "அந்த நாலு வருசம் எங்க இருந்தேன்னு இதுல எழுதியிருக்கு, படிச்சுப் பாருங்க" என்றாராம். அப்படியும் பல வருடங்கள் அலைந்துதான் உரிமை கிடைத்தது. இதை என்னிடம் சொன்னபோது அவர் குரலில் கசப்பு இல்லை. "அந்தக் கந்தோர்ப் படிக்கட்டு மொத்தம் எத்தனைன்னு கேளுங்க, சொல்றேன்" என்று சிரித்தார்.

ஆனால் அவர் எப்படிப்பட்ட படைவீரர் என்று எனக்கு விளங்கியது இரண்டு வருடங்களுக்கு முன்புதான். பேத்தியின் கலியாணக் கார்டைத் திருத்திக்கொண்டு ஒரு ஞாயிறு காலை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். திடீரென்று ஒழுங்கையைப் படையினரும் பொலிஸாரும் சுற்றிவளைத்தார்கள். என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். வசிப்பிடத்துக்கான பொலிஸ் பதிவோ வெள்ளவத்தையில். கொட்டாஞ்சேனையில் என்ன வேலை என்று கேட்டு, என்னையும் வேறு எட்டுப் பேரையும் பஸ்ஸில் ஏற்றினார்கள். அவருடைய அட்டையைப் பார்த்த பொலிஸ்காரர், "சீயா, கெதர யன்ன" என்று, தாத்தா முறை வைத்து மரியாதையாகவே வீட்டுக்குப் போகச் சொன்னார். சுப்பையா அண்ணை உள்ளே போய், சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து பஸ்ஸில் ஏறினார்.

"அப்பா, நீங்க எங்க போறீங்க?" என்று மகள் செல்வி வாசலில் நின்று கத்தினாள்.

"இவங்களோட."

பொலிஸ் நிலையத்தில் ஓர் இளம் அதிகாரி அவருடைய அட்டையைக் கேட்டார். அட்டை இருந்த பிளாஸ்டிக் உறைக்குள் மடித்துவைத்த பதக்கச் சான்றிதழும் இருந்தது. வாசித்தவர் எழுந்து தன் நாற்காலியையே கொடுத்தார். ஜீப்பில் வீட்டுக்கு அனுப்புகிறேன் என்றார். சுப்பையா அண்ணை உட்கார்ந்துகொண்டு, தெளிவான சிங்களத்தில் பதில் சொன்னார்: "ஒன்பது பேரைக் கொண்டுவந்திருக்கிறீர்கள் மகன். ஒன்பது பேரும் போன பிறகு நான் போகிறேன்."

மத்தியானம் என்னை விட்டார்கள். அவர் பக்கம் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தேன். முதலில் வந்த பஸ்ஸில் ஏறி வெள்ளவத்தைக்கு வந்துவிட்டேன். ஒன்பதாவது ஆளான, மட்டக்குளியில் வேலை செய்யும் ஒரு பெடியனைப் பொழுதுபடும் நேரத்தில்தான் விட்டார்களாம். சீனி வருத்தக்காரரான எழுபத்தைந்து வயது மனிதர் அதுவரை ஒரு பணிஸும் பிளேன்டீயும் மட்டும் எடுத்துக்கொண்டு அந்த நாற்காலியில் இருந்திருக்கிறார். முன்பின் தெரியாத அந்தப் பெடியனை பஸ்ஸில் ஏற்றிவிட்டே வீடு திரும்பியிருக்கிறார்.

மறுநாள் போய், "உங்களை விட்டிட்டு வந்திட்டன் அண்ணை" என்று அழுதேன்.

"நீங்க போனாத்தானே எனக்கு ஒரு ஆள் கொறையும்? அதுக்குத்தானே ஒக்காந்திருந்தேன்" என்றார்.

பதக்கத்தைப் பேத்தி வைத்திருக்கிறாள். அது இருக்கவேண்டிய இடம் அதுதான். என்னிடம் இருப்பது வேறு. நேற்றுப் பம்பலப்பிட்டிச் சோதனைச் சாவடியில் என் அட்டையை ஒரு நிமிடத்தில் திருப்பித் தந்துவிட்டார்கள். எனக்குப் பின்னால் நின்ற பிள்ளையை மட்டும் தனியே நிறுத்தினார்கள். நான் போகவில்லை.

"உமக்கு இவளைத் தெரியுமா?" என்று சிப்பாய் கேட்டார்.

"தெரியாது" என்றேன். அவளுடைய அட்டை அவள் கைக்கு வரும்வரை அங்கேயே நின்றேன்.