படகு வந்த நேரத்தில் வைத்த கச்சேரி

போன வருஷம் மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. புதுச்சேரி குருசுக்குப்பத்தில், கடலுக்கு நாலு வீடு தள்ளியிருக்கும் சமுதாயக் கூடத்தில் நின்றுகொண்டிருந்தேன். எதிரே ஒன்பது பெயிண்ட் வாளிகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அடிக்க ஒரு பிள்ளைகூட இல்லை.

நான் முதலியார்பேட்டைக்காரன். எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டுக் கல்யாண பேண்டில் டிரம் அடிக்கப் போனவன். ஆறு மாதமாக, சாயங்கால வேளையில், அங்கே மீனவப் பிள்ளைகளுக்கு வாளியில் தாளம் சொல்லிக் கொடுத்துவந்தேன். அன்றைக்கு ஒரு அறக்கட்டளை அம்மா வந்து கேட்பதாக ஏற்பாடு. பிடித்துவிட்டால் நிஜ டிரம் கிடைக்கும். இல்லாவிட்டால் அவை வேறு ஊருக்குப் போய்விடும். அவருக்குத் தோதாக, காலை ஒன்பது மணி என்று நானே சொல்லியிருந்தேன். இரண்டு நாளாகத் தூக்கமில்லை. வாளி உடையுமா, அந்த அம்மா இங்கிலீஷில் பேசினால் என்ன செய்வது, மாசியில் மழை வருமா என்றுகூடக் கவலைப்பட்டேன்.

அவர் வந்தே விட்டார். உட்காரவைத்துவிட்டுக் கடற்கரைக்கு ஓடினேன். படகுகள் அப்போதுதான் மத்தி மீனோடு கரையேறியிருந்தன. என் ஒன்பது பேரும் வலையைச் சுற்றிக் குந்தி மீன் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

“இன்னாண்ணா, பேயறஞ்ச மாதிரி நிக்கிற?” என்றாள் அவர்களில் ஒருத்தி.

“அந்தம்மா வந்துட்டாங்க. சீக்கிரம் வாங்க.”

“வலைய விட்டுட்டு வந்தா எங்கம்மா என் முதுகுல டிரம் அடிக்கும்.”

பக்கத்திலிருந்த அவள் அம்மா தலை நிமிரவில்லை. “படகு வர்ற நேரத்துல கச்சேரி வச்சியே, எங்கள ஒரு வார்த்த கேட்டியா தம்பி? வெயில் ஏறுனா மீன் கெட்டுப்பூடும். அவசரம்னா நீயும் குந்து.”

பேன்டைச் சுருட்டிக்கொண்டு குந்தினேன். நான் ஒன்று கழற்றுவதற்குள் பிள்ளைகள் பத்து கழற்றினார்கள்.

“வால புடிச்சி இழுக்காதண்ணா, அறுந்துடும்,” என்று எனக்கே பாடம் வேறு.

நிமிர்ந்தால், அறக்கட்டளை அம்மா செருப்பைக் கையில் பிடித்தபடி மணலில் நிற்கிறார். “தப்பு என்னுதுங்க மேடம்” என்றேன்.

கடைசி வலையை உதறியதும் பிள்ளைகள் என்னைக் கேட்கவே இல்லை. மீன் பெட்டிகளைக் கவிழ்த்தார்கள், கையெல்லாம் செதிலோடு அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மூன்றாவது சுற்றில் வேகம் கூட்டுகிற இடத்தில் எப்போதும் யாராவது ஒருவர் பிந்துவார். அன்றைக்கு ஒன்பது பேரின் அடியும் ஒரே கையாக விழுந்தது. பக்கத்தில் நடந்துகொண்டிருந்த மீன் ஏலம் நின்றது. கூடை சுமந்த பெண்கள் கூடையோடு ஆடினார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போய், நானும் ஒரு பெட்டியைக் கவிழ்த்துக்கொண்டு கூடச் சேர்ந்துவிட்டேன்.

“டிரம் அனுப்பறேன்,” என்றார் அந்த அம்மா. “அடுத்த தடவ நேரத்த மட்டும் இவங்கள கேட்டுச் சொல்லுங்க.”

பயப்படுகிற என் சுபாவம் இன்னும் போகவில்லை. ஆனால் அந்த இரண்டு நாளில் எத்தனையோ நினைத்துப் பயந்த நான், பிள்ளைகளின் வீட்டு வாசலில் நின்று ‘எந்த நேரம் தோது?’ என்று ஒரு கேள்வி கேட்கவில்லையே என்பது, இன்றைக்கும் மனசு படபடக்கும்போதெல்லாம் என்னை எழுப்பி யாரிடமாவது போய்க் கேட்க வைக்கிறது.