கெட்ட கை

கல்யாணமான முதல் குளிர்காலத்தில் கய் சாங்ஷுன் புளிக்க வைப்பதற்காகத் தன் கையால் ஜாடியில் அடுக்கிய முட்டைக்கோஸ் அழுகிப்போனது. ரயில்வே லைன் வீடுகள் அத்தனைக்கும் நாற்றமே சேதி சொல்லிவிட்டது. சரக்கு யார்டில் ரயில் பெட்டி இணைக்கிற அந்தக் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மனைவி யூஃபென் தீர்ப்பு சொன்னாள்: கெட்ட கை. அந்த ஊரில் அப்படிச் சில கைகள் உண்டு. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் அந்தக் கை பட்டால் கோஸ் புளிக்காது, அழுகும்.

அதன் பிறகு அவருக்குச் சுமக்கிற வேலைதான். முதல் உறைபனி விழுந்ததும் கோஸ் லாரி வரும். மதில், கூரை என்று லைன் முழுக்கக் கோஸ் காயும். அவர் மேல் இலைகளை உரிப்பார், பாரம் வைக்க ஆற்றுக்கல்லைத் தூக்கி வருவார். அடுக்குகிற நேரம் வந்தால் யூஃபென் கதவைக் காட்டுவாள். பஞ்சுக் கோட்டுக்குள் கையைச் சொருகிக்கொண்டு வெளியே நிற்பவரிடம், உள்ளே பிரசவமா என்று போகிற பெண்கள் கேட்பார்கள். பையன்தான் என்பார் அவரும். உள்ளே அடியில் தீ மூட்டிச் சூடேற்றிய செங்கல் படுக்கை, தண்ணீரில் இளகும் உறைந்த பேரிக்காய், அவள் உப்பு தூவுகிற சரசரப்பு. இப்போது நினைத்தாலும் அவருக்கு எச்சில் ஊறும்.

பல வருஷம் கழித்து லைன் வீடுகளை இடித்து, எல்லோரையும் மாடிக் குடியிருப்புக்கு அனுப்பிவிட்டார்கள். வயிற்றில் ஆபரேஷன் ஆன இந்த வருஷம் யூஃபென் கஞ்சியைக்கூட முகர்ந்துவிட்டுத் தள்ளினாள். சாப்பிட்டால்தான் தேறுவாள் என்று டாக்டர் கறாராகச் சொன்னார். வருஷத்திலேயே நீண்ட இரவு வருகிற நாளில் புளிச்ச கோஸ் கொழுக்கட்டை இருந்தால் ரெண்டு வாய் இறங்கும் என்றாள் ஒருநாள். கடைப் பொட்டலத்தைக் காட்டினார், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கீழ்வீட்டு லுவான் அக்கா தன் ஜாடியிலிருந்து தருகிறேன் என்றாள், அதுவும் வேண்டாமாம்.

"அப்ப யாரு போடறது?"

"வீட்ல வேற யாரு இருக்கா? நீதான்."

"என் கை..."

"உன் கை எனக்குத் தெரியும்யா. நான் பாத்துக்கிட்டிருக்கேன், போடு."

ரஜாயைச் சுற்றிக்கொண்டு வாசற்படியருகே நாற்காலியில் அமர்ந்து அவள் ஏவினாள். ஜாடியில் பொட்டு எண்ணெய் ஒட்டியிருக்கக் கூடாது, இடைவெளி விடாமல் அழுத்து, உப்புக்குக் கஞ்சத்தனம் பார்க்காதே. பால்கனிக் குளிரில் ஜாடியை வைத்தார். போகும்போதும் வரும்போதும் மோந்து பார்த்தார். ஒருநாள் தண்ணீர் மேல் வெள்ளை ஏடு படர்ந்தது. சொல்லாமல் மறைக்கப் பார்த்தார், முகம் காட்டிக்கொடுத்துவிட்டது. வழித்தெடுத்துவிட்டு மூடு, சும்மா சும்மா திறக்காதே என்றாள்.

அந்த நாள் வந்தது. கல்லை நகர்த்தி ஒரு கோஸை எடுத்தார். உள்ளிலைகள் மஞ்சளாக, கண்ணாடிபோல் இருந்தன. நல்ல புளிப்பு மூக்கில் ஏறியது. பொடியாக அரிந்து, பிழிந்து, பன்றிக்கறியோடு பிசைந்து மாவில் மடித்தார். மடிப்பு ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோணல்.

முதல் கொழுக்கட்டையை யூஃபென் வெகுநேரம் மென்றாள். அவர் கரண்டியைப் பிடித்தபடியே நின்றார். அடுத்ததை எடுத்தாள், அதற்கடுத்ததையும். கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"இன்னும் நாலு போடு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "லுவான் அக்கா கேட்டா நான்தான் அடுக்குனேன்னு சொல்லு. இத்தனை வருஷமா ஊர் பூரா உன் கையப் பத்திச் சொல்லி வச்சிருக்கேன்."

சாங்ஷுன் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, நாலுக்குப் பதில் ஆறு போட்டார்.