அறுபதுக்கு அறுபது

அடி விழுந்த மனம் எவ்வளவு சீக்கிரம் எழுந்து நிற்கும் என்று அளந்து சொல்வது என் வேலைகளில் ஒன்று. குழம்புக்கு உப்பு அளந்து போடவே எனக்கு இன்றுவரை வரவில்லை. நல்லவேளை, வேலையில் சேரும்போது அதை யாரும் கேட்கவில்லை.

மனதை அளக்க எங்கள் மனநல அமைப்பில் ஒரு கேள்வித்தாள் உண்டு. பன்னிரண்டு கேள்விகள், ஒன்றுக்கு ஐந்து மதிப்பெண் வரை. முதலில் அது ‘இடர்ப்பாடுகளின்போது நான் நிலைகுலைவதில்லை’ என்கிற ரகத் தமிழில் இருந்தது. கம்பம் பக்கத்துக் கிராமங்களில் வாசித்துக் காட்டினால், ஏதோ அரசாங்க விண்ணப்பம் என்று ரேஷன் கார்டை எடுத்து நீட்டினார்கள். விடுவேனா? ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எல்லாவற்றையும் எளிமையாக்கினேன். ‘கஷ்டம் வந்தா தாங்க முடியுமா?’ ‘மனசு சரியில்லாதப்பவும் வேலை செய்ய முடியுமா?’ பன்னிரண்டும் இப்படித்தான். அந்தக் கர்வத்தோடு என்னையே அளந்து பார்த்தேன். முப்பத்தொன்று வந்தது.

“அதுவே கூடுதல்தான்” என்றார் வீட்டுக்காரர்.

அந்த ஊர்களின் பெண்கள் பெரும்பாலும் ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் மலையேறிக் கேரளாவுக்குப் போகிறவர்கள். விடியும்போது போனால் பொழுது சாயத்தான் திரும்புவார்கள். எனவே ஜீப் நிற்கும் முக்குக்கே போய்விட்டேன். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டையும் கையில் தூக்குச்சட்டியுமாக நின்றவர்களிடம், நோட்டும் பேனாவுமாகக் கேட்டேன். பட்பட்டென்று பதில் வந்தது. எல்லோருக்கும் மதிப்பெண் ஐம்பத்தைந்துக்கு மேல். அசந்துபோனேன். மலைக்காற்றில்தான் ஏதோ இருக்கிறது என்று அறிக்கையில் ஒரு பத்தியே எழுதினேன்.

அவர்களில் ஒருத்தி ஏற்கெனவே என் கவனிப்பில் இருந்தவள். கணவன் இறந்து எட்டு மாதம். துக்கம் தாளாமல் ஒருமுறை உயிரை விடத் துணிந்து, பிழைத்து வந்தவள். வாரம் தவறாமல் அவளைப் பார்த்துப் பேசிவந்தேன். அன்று அவள் வாங்கியது அறுபதுக்கு அறுபது.

“நீங்க ரொம்ப உறுதியா இருக்கீங்க. இனி மூணு மாசத்துக்கு ஒருதடவை பார்த்தாப் போதும்” என்றேன். அவளும் தலையாட்டிவிட்டு ஜீப்பில் ஏறினாள். வாராவாரம் வந்த பேச்சுத்துணையை நான் நிறுத்திய விதம் இதுதான்.

ஐந்தாவது வாரம் அவளுடைய பக்கத்து வீட்டுக்காரி கம்பத்தில் நான் இருந்த இடத்துக்கே தேடி வந்தாள்.

“மேடம், அவ ஒரு வாரமா வேலைக்கு வரல. சோறும் எறங்கல. சொவரப் பாத்தே படுத்துக் கெடக்கா.”

“அவங்களுக்கு அறுபதுக்கு அறுபது வந்துச்சே” என்றேன். இதைச் சொன்ன வாய் என்னுடையதுதான்.

“எனக்குந்தான அம்பத்தெட்டு போட்டீக? ஜீப்பு நிக்கிற எடத்துல நோட்ட வச்சிக்கிட்டு முடியுமா முடியுமான்னு கேட்டா வேற என்ன சொல்லுவோம்? அங்கன ஆளெடுக்குற கங்காணியும் நிக்கிறாரு. முடியாதுன்னு ஒருவாட்டி சொன்னா மறுநா ஜீப்புல ஏத்த மாட்டாக மேடம்.”

வெட்கத்தில் காது சூடானது. ஆள் எடுக்கிறவர்கள் கேட்கிற கேள்வியை, அவர்கள் நிற்கிற இடத்தில் நின்று, அவர்களைப் போலவே கேட்டிருக்கிறேன். படித்த முட்டாள் என்று சும்மாவா சொன்னார்கள்? ஆனால் வெட்கத்தைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரியோடு அப்போதே கிளம்பினேன்.

கதவு ஒருக்களித்துத்தான் இருந்தது. படுத்திருந்தவள் தலையை மட்டும் திருப்பிப் பார்த்தாள்.

“மூணு மாசம் ஆகலையே மேடம்?”

“நான் தப்பாச் சொல்லிட்டேன்” என்றேன். இத்தனை வருட வேலையில் யாரிடமும் அப்படிச் சொன்னதாக நினைவில்லை.

பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன். “செத்துப்போகணும்னு திரும்பத் தோணுதா?”

மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“தோணுது. காலையில ஜீப்புச் சத்தம் கேக்கையில ரொம்பத் தோணுது.”

இன்றைக்கே டாக்டரிடம் போகலாம், நானும் கூடவே இருப்பேன் என்றேன். பக்கத்து வீட்டுக்காரி ஆட்டோ கூப்பிடப் போனாள். இவள் எழுந்து நிற்கப் பார்த்தாள். பாதியில் மறுபடி உட்கார்ந்துவிட்டாள். அந்த முகத்தை நான் எத்தனை வாரம் பார்த்திருக்கிறேன், ஒருநாளும் சரியாகப் பார்த்ததில்லை.

“முடியல மேடம்” என்றாள். “கையப் பிடிச்சுக்கங்க.”