தொட்டியை விட்டுவிட்டு ஓடிய வண்டி

மாமல்லபுரம் பக்கத்து மணலில் என் பழைய பிக்கப்தான் படகுகளுக்கு ஐஸ் சுமக்கும். பின்தொட்டி துருப்பிடித்துப் பொத்தலாகி, மணலுக்காக நாலு சக்கரமும் இழுக்க வேண்டிய வண்டியில் முன்சக்கரங்கள் இழுக்காமல் போனதும், காயலான்கடையில் போடச் சொன்னார்கள். படாளத்து மெக்கானிக் ஒருவர் மட்டும் மறுத்தார். பெரிய மீசை. சட்டைப்பை நிறைய போல்ட். யோசிக்கும்போதெல்லாம் அதைக் குலுக்குவார்.

"பூசை போட்டுத்தான் தொட்டிக்குப் போல்ட்டு முடுக்குவேன்" என்பது அவர் வழக்கம். அதனால் அவர் முன்சக்கரங்களைச் சரிசெய்ததும், புதுத் தொட்டியை வண்டிமேல் கயிற்றால் மட்டும் கட்டிப் பூசைக்குக் கடற்கரைக்கு வந்தோம். கயிற்றை அவிழ்த்தவருக்கு அதற்குமேல் பொறுமை இல்லை. பூசணிக்காயோடு தொட்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"நாலு வீலும் இழுக்குதான்னு மொதல்ல பாத்துடலாம். போடு அண்ணாத்த!"

நாலு சக்கரத்தையும் இழுக்க வைக்கும் கியரைப் போட்டேன். வண்டி பாய்ந்தது. கண்ணாடியில் பார்த்தால் தொட்டியைக் காணோம்! பின்னால் மணலில் கிடந்தது. உள்ளே அவர், மடியில் பூசணிக்காய். பதறிப்போய் ஓடினேன். அவரோ எழுந்து குதித்தார். பையில் போல்ட்டெல்லாம் ஜல்ஜல் என்றது.

"இன்னா இழுப்பு பாத்தியா! தொட்டியவே உட்டுட்டு ஓடுது!"

தொட்டி விளிம்பிலேயே பூசணிக்காயை உடைத்தார்.

இன்றும் மணலில் அந்தக் கியரைப் போட்டதும் கண்ணாடியைத்தான் பார்க்கிறேன். தொட்டி பத்திரமாக இருக்கிறது. ஏனோ கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருக்கிறது.