பத்தடி வெறும் இடம்

நல்லூரில் ரியூசன் வகுப்பு முடிந்து சைக்கிளை எடுக்கும்போதுதான் செய்தி வந்தது. "மாஸ்டர், உங்கடை ஊர் ஓவசியர் கனகசபை காலமை மோசம் போயிட்டாராம். நெஞ்சு நோவாம்," என்றார் பக்கத்துக் கடைக்காரர். அந்தச் சாவுச் செய்தியோடு மானிப்பாய் வரைக்கும் சைக்கிளை எப்படி உழக்கினேன் என்று நினைவில்லை.

எங்கள் பக்கத்தில் வீடு கட்டிய எல்லோருக்கும் அவரைத் தெரியும். கட்டட அனுமதிக்காக உள்ளூர்ச் சபைக்குப் போகும் வீட்டுப் படம் அவர் மேசைக்குத்தான் போகும். எல்லையில் எத்தனை அடி விட்டிருக்கிறோம் என்று பார்க்க நேரே வளவுக்கே வந்துவிடுவார். பார்க்க வந்த வளவில் தேத்தண்ணீர் குடிக்கமாட்டார், கிணற்றுத் தண்ணீர் மட்டும்தான். அவரை ஒருதரமாவது திட்டாதவர்கள் இந்த அஞ்சலியை வாசிக்கத் தேவையில்லை. நானும் திட்டியவன்தான்.

எனக்கு இரண்டே இரண்டு பரப்புக் காணி. கார் இன்னும் வாங்கவில்லை, கராஜ் ஆசை மட்டும் இருந்தது. வீட்டுக்குப் பக்கத்தில், மதிலோடு ஒட்டிக் கராஜைப் போட்டால் பின்னுக்கு ஒரு அறை மிஞ்சும். சபைக் கந்தோர் பூட்டியிருந்த ஒரு போயா விடுமுறை நாளில் அத்திவாரம் வெட்டத் தொடங்கினேன். பத்து மணிக்கு அவருடைய சைக்கிள் வந்து நின்றது. ஏசவில்லை. வேலையாட்கள் நாலு பேரைக் கூப்பிட்டு, ஏணியைத் தோளில் வைத்து, கராஜுக்கும் வீட்டுக்கும் நடுவில் நான் விட்டிருந்த இடைவெளியால் நடக்கச் சொன்னார். ஒருவரின் முழங்கை வீட்டுச் சுவரில் உரசியது. மற்றவர் கராஜுக்கு வெட்டிய கிடங்கில் கால் வைத்துவிட்டார்.

"பாத்தியளே மாஸ்டர்?"

"காணி என்ரை அண்ணை."

"வீடு உங்கடை. உந்த வெறும் இடம் வரப்போறவையின்ரை. கார் வரும், நெருப்பணைக்க ஆள் வரும். ஒருநாளைக்கு உங்களைத் தூக்க நாலு பேர் வருவினம்."

பிறகு ஒரு பலகையில் குந்தியிருந்து படத்தை மாற்றிக் கீறினார். கராஜ் பின்னுக்குப் போனது. கேற்றிலிருந்து பத்தடி அகலத்தில் அதற்கு வழி. எனக்கு ஒரு அறை போனது. ஒரு வருடம் அவரோடு கதைக்கவில்லை. அவரோ காணுமிடமெல்லாம், "வீடு காத்தோட்டமா இருக்கே மாஸ்டர்?" என்று கேட்பார். காற்றோட்டமாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

தொண்ணூறில், குருநகரிலிருந்து இடம்பெயர்ந்த ஒரு குடும்பம் என் கேற்றடியில் வந்து நின்றது. அந்தோனி என்ற கடற்றொழிலாளி, மனைவி, மூன்று பிள்ளைகள். "ஐயா, உந்தப் பக்கத்திலை ஒரு கொட்டில் போட விடுவியளே?" என்று கேட்டார். பெற்றோல் இல்லாத காலம். அந்த வழியால் ஒரு கார் வந்து மாதக்கணக்கு.

"அதிலை ஒண்டும் போடேலாது. சட்டம். வேணுமெண்டால் ஓவசியர் கனகசபையைப் போய்க் கேளுங்கோ," என்றேன். நான் திட்டித் தீர்த்த சட்டம் அன்றைக்கு எனக்கு நல்ல வசதியாக இருந்தது. அவர்கள் போய்விட்டார்கள்.

செத்த வீட்டன்றுதான் அவர் கேற்றுக்குள் முதன்முதலாகப் போனேன். அங்கேயும் கேற்றுக்கு நேரே அதே பத்தடி வழி. அதை அடைத்து ஒரு தென்னோலைக் கிடுகுக் கொட்டில். ஓரத்தில் ஒரு ஆள் சரிந்து நடக்கலாம், அவ்வளவுதான். கிரியை முடிந்து பாடையைத் தூக்கியவர்கள் நாலடி வைத்து நின்றுவிட்டார்கள்.

கொட்டிலுக்குள்ளிருந்து அந்தோனி வந்தார். கிடுகை அறுத்தார், கப்புத் தடிகளைப் பிடுங்கினார். மனைவி சட்டி பானைகளைத் தூக்கி மதிலோரம் வைத்தார். கொஞ்ச நேரத்தில் வழி திறந்தது. நாலு பேரும் தாராளமாக நடந்து போனார்கள்.

என்னைக் கண்டதும் அந்தோனி கிட்ட வந்தார். "ஐயா, நீங்கள்தானே இவரைக் கேக்கச் சொன்னனீங்கள். வந்து கேட்டம். 'வரப்போறவைக்கெண்டுதான் விட்டனான், வந்திட்டியள்' எண்டு சொல்லிச் சிரிச்சவர். முதல் கப்பைத் தானே நட்டுத் தந்தவர்."

குத்திக் கதைக்கவில்லை. அந்த மனிதர் எனக்கு நன்றி சொன்னார். எனக்குத் தலை நிமிரவில்லை.

கனகசபை அண்ணை, நீங்கள் கீறித் தந்த படம் என்னிடம் இருக்கிறது. நீங்கள் வாங்கித் தந்த பத்தடியும் இருக்கிறது. அன்றிலிருந்து கேற்றைப் பூட்டுவதில்லை. இதுவரை ஒருவரும் வந்து கேட்கவில்லை.