வெல்லப்பாகு வாசம்

எங்கள் இரண்டாவது குழந்தை, பையன், பிறந்த ஒரு வாரத்திலேயே பால் குடிக்காமல் துவண்டுபோனான். துடியலூரிலிருந்து கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

டாக்டரம்மா குழந்தை நனைத்திருந்த ஈரத்துணியை மோந்து பார்த்தார். "ஏனுங்க அம்மணி, ஒண்ணுக்குல வெல்லப்பாகு வாசம் வருதே, கவனிச்சீங்களா?"

"ஆமாங்க. மொதப் புள்ளைக்கும் இப்படித்தானுங்க. சக்கரக்கட்டின்னு கொஞ்சுவோம். தீட்டுக் கழியறதுக்குள்ள போயிட்டாளுங்க."

அவர் முகம் மாறியது. "சொந்தத்துல கட்டுனீங்களா?"

"அத்தை பையனுங்க." பக்கத்தில் நின்ற வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

டாக்டரம்மா சொன்ன நோயின் பேர் என் வாயில் நுழையவில்லை. பாலில் இருக்கும் புரதத்தை உடம்பால் செரித்து முடிக்க முடியாமல், அதுவே விஷமாகிவிடுமாம். எங்கள் இருவர் ரத்தத்திலும் ஒளிந்திருந்து பிள்ளைக்கு இறங்கியிருக்கிறது. தாய்ப்பாலை நிறுத்தி, தனி மாவு கரைத்துக் கொடுத்தார்கள். பையன் பிழைத்தான். மூன்று வயதாகியும் நடை தடுமாறுகிறது.

மகளுக்குக் கண் பட்டுவிட்டது என்று ஊரே சொன்னது, நானும் நம்பினேன். கடைசி நாளில் அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். "குடிச்சுரு கண்ணு, குடிச்சாத்தான் தெம்பு வரும்" என்று அழுதுகொண்டே சங்கில் பால் ஊற்றிப் புகட்டினேன். அவள் வேண்டாமென்றுதான் சொல்லியிருக்கிறாள்.